விளக்குமாறும் சீமெண்ணெயும்



வீடு கூட்டும் கருவிக்கு நம்மவரிடையே எத்தனை பெயர்கள்! ஒரு வீட்டில் அது விளக்குமாறு. அடுத்த வீட்டில் துடைப்பம். ஒரு பாட்டி வாரியல் என்பார். இன்னொரு பாட்டிக்கு அது சீமாறு. ஒரே லயத்துக் குழாயடியில் இத்தனை பெயர்கள் எப்படிக் கூடின?

நம் முன்னோர் ஒரே ஊரிலிருந்து கப்பலேறியவர்கள் அல்லர். திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, மதுரை, இராமநாதபுரம் எனப் பல மாவட்டங்களில் கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறியவர்கள் பினாங்கிலும் கிள்ளானை அடுத்த துறைமுகத்திலும் வந்து இறங்கினார்கள். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும் வரை இப்படி ஆள் வந்துகொண்டிருந்தது. தகரப் பெட்டியோடு அவரவர் ஊர்ப் பேச்சும் வந்தது.

விளக்குமாறு என்றதும் தீபத்தை நினைக்க வேண்டாம். பல் விளக்குகிறோம், பாத்திரம் விளக்குகிறோம் அல்லவா? அந்த விளக்குதல்தான் இது. மாறு என்றால் குச்சி. பருத்திமாறு என்று சொல்வதில்லையா? துடைப்பம் வட மாவட்டத்தாரிடம் மிகுதி. வாரியல் திருநெல்வேலிப் பக்கத்துச் சொல். சீமாறு கொங்கு நாட்டில் கேட்பது.

லயத்து வீடுகளில் மின்சாரம் வருமுன் எரிந்த எண்ணெயைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான் அது தமிழ்நாட்டுக் கிராமங்களை எட்டியது. புதிய பொருளுக்கு ஒவ்வொரு வட்டாரமும் ஒரு பெயர் வைத்துக்கொண்டது. சீமையிலிருந்து வந்ததால் சிலருக்குச் சீமெண்ணெய். மண்ணுக்கடியில் கிடைப்பதால் சிலருக்கு மண்ணெண்ணெய். சென்னைப் பக்கத்தாரோ ஆங்கிலப் பெயரையே கிருஷ்ணாயில் ஆக்கி, கடவுள் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்! மலாய்க்காரர்கள் அதை மின்யாக் தானா என்கிறார்கள். அதற்கும் பொருள் மண் எண்ணெய்தான்.

அந்த விளக்கை 'அணை' என்று சொன்னால் பெரியவர்கள் கடிந்துகொள்வார்கள். 'குளிர வை' என்பார்கள் சிலர். 'அமர்த்து' என்பார்கள் சிலர். இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இவ்வழக்கிற்கு மங்கலம் என்று பெயரிட்டிருக்கிறது. கூசும் சொல்லை மறைத்துச் சொல்வதை இடக்கரடக்கல் என்கிறது. தஞ்சைப் பக்கத்தார் 'கொல்லைக்குப் போகிறேன்' என்பது இந்த வகை. கொல்லையே இல்லாத லயத்து வீட்டிலும் இந்தப் பேச்சு நிற்கவில்லை.

ஒரு கூட்டத்தார் தமக்குள் வைத்துக்கொள்ளும் பெயர் குழூஉக்குறி. வேடர்கள் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள் என்று உரைகாரர்கள் உதாரணம் காட்டுகிறார்கள். குடித்தவன் வாயிலிருந்து சொல் கொட்டும் அல்லவா? தோட்டத்துக் கள்ளுக்கடைக்குப் போனவர்களும் கள் என்று சொன்னதில்லை, 'தண்ணி' என்றார்கள். சம்பள நாளில் அந்தத் தண்ணியில் கரைந்த அரிசிக் காசு கொஞ்சமல்ல. இந்த மறைப்புச் சொல்லை மட்டும் நாம் பாராட்ட மாட்டோம்.

கட்டிலும் பெட்டியும் மலாய் மொழியில் காத்தில், பெத்தி என்று வழங்குகின்றன. நம் மேசையும் அவர்களுடைய மேஜாவும் போர்த்துக்கீசியர் தந்தவை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்துக்குப் போனபின் பிள்ளைகள் பள்ளிப் புத்தகச் சொல்லை மட்டுமே அறிகிறார்கள். பாட்டி 'வாரியல்' என்றால் சிரிக்கிறார்கள். பாட்டியும் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்கிறார். தாத்தாவின் ஊர்ப் பெயர் கூடத் தெரியாத குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. கடிதம் இல்லை, பத்திரம் இல்லை. அத்தகைய வீட்டில் வாரியலும் சீமாறும் எந்தத் திசையில் தேடலாம் என்றாவது காட்டும். அதையே சாட்சியாகக் கொள்ள முடியாது. லயத்துக்குள் பல ஊர்க்காரர்கள் சம்பந்தம் செய்திருக்கிறார்கள். அப்பா சேலம், அம்மா இராமநாதபுரம் என்றிருக்கும். ஆகவே அந்தச் சொல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் யார் என்று பாட்டியிடம் கேட்க வேண்டும். அடுப்படிச் சொற்கள் பெரும்பாலும் தாய்வழியாகவே வந்து சேர்கின்றன.