ஆயுதம் யார் கையில்?

1801 டிசம்பர் 1. மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டு ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. பாஞ்சாலங்குறிச்சியில் ஊமைத்துரை தூக்கிலேறி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அந்த நாளில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் பெயரில் தென்பாளையங்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. கோட்டைகள் தகர்க்கப்படும். துப்பாக்கி, ஈட்டி என்று எது இருந்தாலும் ஒப்படைத்துவிட வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை. இவற்றுக்கு ஈடாக, நிலையான வரியும் கம்பெனியின் பாதுகாப்பும் கிடைக்கும் என்றது அந்த அறிவிப்பு.

தென்தமிழ்நாட்டில் ஆயுதம் என்பது அதுவரை போர்வீரனின் உடைமை மட்டுமல்ல. பாளையக்காரர்கள் ஊர்களிடம் காவல் வரி வாங்கினார்கள். பதிலுக்குக் களவு போனால் பொறுப்பேற்றார்கள். அந்த ஏற்பாட்டில் கொள்ளையும் கொடுமையும் கலந்திருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஊர்க்காவல் ஊருக்குள்ளேயே இருந்தது. ஒரே அறிவிப்பில் அது கம்பெனியின் கைக்குப் போனது.

பாளையக்காரர்களுக்கு எதிரான போரில் கம்பெனிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு செய்தியை எழுதி வைத்திருக்கிறார். அவர் மதுரைப் பக்கம் இளம் அதிகாரியாக இருந்த காலத்தில் அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. சில ஆண்டுகளில் அந்த ஆசானையே வேட்டையாடப் புறப்பட்ட படையில் மாணவர் இருந்தார். ஆயுதப் பயிற்சியை அந்நியனுக்கும் மறைக்காமல் சொல்லிக்கொடுத்த சமூகத்தின் கையில், போர் முடிந்தபோது ஈட்டிகூட மிஞ்சக் கூடாது என்றாகிவிட்டது. வெல்ஷின் புத்தகத்தில் என்னை மிகவும் வருத்துவது அந்தப் பகுதிதான்.

தெற்கில் நடந்தது 1857-க்குப் பிறகு நாடு முழுவதும் நடந்தது. 1860-ல் ஒரு சட்டம் வந்தது. 1878-ல் வைஸ்ராய் லிட்டன் அதை இறுக்கி இந்திய ஆயுதச் சட்டமாக்கினார். இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயை அடைத்த சட்டமும் அதே ஆண்டில் அவர் கொண்டுவந்ததுதான். பத்திரிகைச் சட்டத்தை அடுத்து வந்த ரிப்பன் 1882-ல் நீக்கிவிட்டார். ஆயுதச் சட்டத்தில் அவரும் கைவைக்கவில்லை.

அந்தச் சட்டத்தின் நஞ்சு அதன் விதிவிலக்குப் பட்டியலில் இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் ஏந்தலாம் என்று விலக்குப் பெற்றவர்களில் ஐரோப்பியர்கள் இருந்தார்கள். காட்டுப்பன்றி அழிக்கும் வயலுக்குச் சொந்தக்காரனான விவசாயி இல்லை. பின்னாளில் விதிகளில் இந்த இனப் பாகுபாடு தளர்ந்தது என்றாலும், இந்தியனை நம்ப முடியாது என்று சட்டமே அறிவித்த அவமானம் ஆறவில்லை.

அது சென்னையிலேயே வெடித்தது. 1887 டிசம்பரில் காங்கிரஸின் மூன்றாவது மாநாடு ஆயிரம் விளக்குப் பகுதியில், மக்கீஸ் தோட்டத்தில் கூடியது. தலைவர் பத்ருதீன் தயாப்ஜி. 607 பிரதிநிதிகள். 29 வயது பிபின் சந்திர பால் அங்கே எழுந்து ஆயுதச் சட்டத்தை எதிர்த்து முழங்கினார். நிறைவேறிய தீர்மானமோ மிகவும் பணிவானது: மக்கள் விசுவாசமானவர்கள், காட்டு விலங்குகளிடமிருந்தும் கொள்ளையரிடமிருந்தும் தங்களைக் காத்துக்கொள்ளும் அளவுக்காவது சட்டத்தைத் தளர்த்துங்கள் என்பதே அதன் சாரம். அன்றைய காங்கிரஸால் அவ்வளவுதான் கேட்க முடிந்தது.

காந்தி இதைவிடக் கடுமையாகப் பேசினார் என்றால் பலர் நம்ப மாட்டார்கள். 1918-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் முதல் உலகப்போருக்கு ஆள் திரட்ட ஊர் ஊராகப் போனார். அதே மாவட்டத்தில் வரிகொடா சத்தியாக்கிரகம் நடந்தபோது இலவசமாக வண்டி கொடுத்தவர்கள், இப்போது வாடகைக்குக்கூடத் தர மறுத்தார்கள். அப்போது அவர் வெளியிட்ட துண்டுப் பிரசுரத்தில், ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய இந்தச் சட்டத்தை ஆங்கில ஆட்சியின் தவறுகளிலேயே மிக இருண்டதாக வரலாறு கருதும் என்ற பொருளில் எழுதினார். கமிஷனருக்கு அது பிடிக்கவில்லை. 1930 ஜனவரியில், உப்பு சத்தியாக்கிரகத்துக்கு முன்பு அவர் வைத்த 11 கோரிக்கைகளில் கடைசியானது, தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வேண்டும், அதை வழங்குவது மக்களின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பது. அஹிம்சைக்கும் இதற்கும் முரண் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆயுதம் கிடைக்காதவன் அதை ஏந்தாமல் இருப்பதும், கிடைத்தும் ஒருவன் வேண்டாமென்று விலக்குவதும் அவர் கணக்கில் வேறு வேறு.

மறு ஆண்டு கராச்சி காங்கிரஸ் இன்னும் ஒரு படி மேலே போனது. விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலேயே சேர்த்தது.

ஆனால் நாடு விடுதலையான பிறகு அந்த வாக்குறுதி எங்கே போனது? 1948 டிசம்பர் தொடக்கத்தில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதைக் கேட்டார். கராச்சித் தீர்மானத்தை நினைவூட்டி, ஆயுத உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. இன்றைய நிலையில் குற்றமே தொழிலாகக் கொண்டவன் உட்பட எல்லோருக்கும் வேறுபாடின்றி இந்த உரிமையைக் கொடுக்க முடியுமா என்பது அவர் கேள்வி. திருத்தம் தோற்றது. பிரிவினையின் ரத்தம் காயாத நேரம் அது. அம்பேத்கர் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் உறுதியான எண்ணம். 1931-ல் கேட்டது அந்நியன் பறித்த மானத்தை. 1948-ல் சபையின் முன் இருந்தது அண்டை வீட்டாரின் உயிர்.

1959-ல் புதிய ஆயுதச் சட்டம் வந்து 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சாதாரண வாளுக்கும் ஈட்டிக்கும் எல்லா இடத்திலும் லைசென்ஸ் தேவை என்ற கெடுபிடி போனது. துப்பாக்கிக்கு மட்டும் பழையபடியே அரசின் அனுமதி. 2019 திருத்தத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் உச்ச அளவு மூன்றிலிருந்து இரண்டானது.

ஒரு பழைய விலக்கு மட்டும் இந்தத் திருத்தங்களையெல்லாம் தாண்டி நிற்கிறது. 1861 பிப்ரவரியில் மைசூர் ஆணையர் மார்க் கப்பன், ஆங்கிலேயருக்கு விசுவாசமாக நின்றதற்காகக் குடகர்களுக்கு ஆயுதத் தடையிலிருந்து விலக்கு அளித்தார். குடகர் வீடுகளில் துப்பாக்கி வழிபாட்டுக்குரியது. கைல்போது பண்டிகையில் அதற்குப் பூச்சூட்டுவார்கள். ஆண்குழந்தை பிறந்தால் வானை நோக்கிச் சுடுவார்கள். அந்தப் பண்பாட்டை மதிக்கிறேன். ஆனால் அந்நிய அரசு தன் விசுவாசிகளுக்குக் கொடுத்த பரிசு, பிறப்பை அளவுகோலாக்கிக் குடியரசிலும் தொடர்வது எனக்கு ஏற்புடையதல்ல. அது சமத்துவத்துக்கு எதிரானது என்று கர்நாடக உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. 2021 செப்டம்பரில் நீதிமன்றம் விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது. மத்திய அரசின் அறிவிப்புப்படி அது 2029 வரை நடைமுறையில் இருக்கும்.

(தொடரும்)