தமிழ்ச் சமய வாதங்களில் அளவை

சமய நம்பிக்கையையும் ஒழுக்க நெறியையும் பற்றிப் பலர் முன்னிலையில் நிகழும் வாதத்தில் எது சான்றாகும், எது ஆகாது என்பதை முடிவுசெய்யும் அறிவு வாயில்களைத் தமிழ் நூல்கள் ‘அளவை’ என வழங்குகின்றன. வடமொழி நூல்கள் அவற்றைப் ‘பிரமாணம்’ என்கின்றன. இத்தகைய வாதம் தமிழ் நகர வாழ்வில் மிகப் பழைய காலத்திலேயே இடம்பெற்றிருந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் வாதுக்கு அறைகூவிய ஆசிரியர்கள் அதற்கு அறிகுறியாகக் கொடி உயர்த்தியிருந்தனர் எனப் பட்டினப்பாலை கூறுகிறது. மணிமேகலையின் முதற்காதையிலோ, இந்திர விழாவை அறிவிக்கும் முரசறைவோன், தத்தம் சமயப் பொருளை நிறுவ வல்லவர்களைப் பட்டிமண்டபத்தில் ஏறுமாறு அழைத்து, பகைவரிடத்தும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிச் செல்லுமாறு மக்களை வேண்டுகிறான்.

வாதத்தின் வகைகளைக் கௌதமருடையதாகக் கருதப்படும் நியாய சூத்திரம் மூன்றாகப் பகுக்கிறது. உண்மையை அறியும் நோக்குடன் இரு தரப்பும் பேசுவது வாதம். வெல்வதையே நோக்கமாகக் கொண்டது சற்பம். தனக்கென ஒரு கொள்கையை நிறுவாமல் பிறர் கொள்கையைச் சிதைப்பதோடு நின்றுவிடுவது விதண்டை. பிற்காலத்தில் தமிழில் ‘விதண்டாவாதம்’ வசைச்சொல்லாகவே நிலைபெற்றுவிட்டது.

தமிழில் அளவை நூல் முறைமையை விரிவாகக் கூறும் பழைய நூல் மணிமேகலையே ஆகும். அதன் 27ஆம் காதையில், வஞ்சி நகரில் ஆண் துறவியாகிய மாதவன் வடிவு கொண்ட காப்பியத் தலைவி மணிமேகலை, அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, வேதவாதி, ஆசீவகன், நிகண்டவாதி, சாங்கியன், வைசேடிகன், பூதவாதி முதலானோரிடம் அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். கண்ணால் காண்பதையன்றி வேறெதையும் ஏற்கமாட்டேன் எனும் பூதவாதியிடம், உன் பெற்றோரை நீ கருதலால் அன்றி வேறு எவ்வாறு அறிவாய் என அவள் வினவுவது, எதிராளி தன் அன்றாட வாழ்வில் ஏற்றுக்கொண்டிருக்கும் ஒன்றையே அவனுக்கு எதிரான சான்றாக நிறுத்தும் முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அவளுக்கு அளவையைக் கற்பிக்கிறார். பௌத்தர் ஏற்பவை நேரே அறியும் காட்சி, கருதி அறியும் கருத்து என்னும் இரண்டே. ஏனையவை கருத்தில் அடங்கும். நிறுவ வேண்டிய கூற்றாகிய பக்கம், அதற்கான காரணமாகிய ஏது, இரு தரப்பும் அறிந்த சான்றாகிய திட்டாந்தம் ஆகிய மூன்றும் வாதத்தின் இன்றியமையா உறுப்புகளாகும். மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கமாகவும், புகை தோன்றுவது ஏதுவாகவும், அடுக்களை திட்டாந்தமாகவும் அமையும். இதனைத் தொடர்ந்து பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என வாதக் குற்றங்கள் விரிக்கப்படுகின்றன. இப்பகுதி, திக்நாகர் மரபைச் சேர்ந்த சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசத்தோடு மிக நெருங்கி ஒத்திருப்பதை ஆய்வாளர்கள் நெடுங்காலமாக விவாதித்து வந்துள்ளனர்.

இக்குற்றங்களுள் ஒன்று தனித்துக் கருதத்தக்கது. ஒலி செயலால் தோன்றுவது ஆதலின் நிலையற்றது எனப் பௌத்தன் கூறினால், முன்பே உள்ளது வெளிப்படுகிறதே அன்றிப் புதிதாக எதுவும் தோன்றுவதில்லை எனக் கொள்ளும் சாங்கியனுக்கு அந்த ஏது செல்லாது. வாதியும் எதிர்வாதியும் ஆகிய இருவருள் ஒருவர் ஏற்காத காரணத்தைக் காட்டும் இக்குற்றம் ‘அன்னியதராசித்தம்’ எனப்பட்டது. சமய வாதத்தில் இதன் விளைவு பெரிது: தன் வேதத்தை ஏற்காதவனிடம் தன் வேதத்தையே சான்றாகக் காட்டுவது இவ்விதியின்படி வாதமே ஆகாது. தமிழ்ச் சமய வாதங்களின் பிற்கால வரலாற்றைப் புரிந்துகொள்ள இதைவிடப் பயனுள்ள அளவுகோல் இல்லை.

பௌத்த காப்பியமான குண்டலகேசிக்கு மறுப்பாகச் சமணர் இயற்றிய நீலகேசி, பிற சமயத்தாருடன் நாயகி நிகழ்த்தும் வாதங்களையே உடலாகக் கொண்டது. அதில் ஒழுக்கம் பற்றிய வாதம் கூர்மையாக வெளிப்படுவது புலால் உண்ணல் குறித்த பகுதியில்தான். தாம் கொல்லாத விலங்கின் ஊனை உண்பதால் தீவினை சேராது என்பது பௌத்தர் நிலை. உண்பவர் இருப்பதனாலேயே கொல்பவர் இருக்கிறார் எனச் சமணர் மறுத்தனர். விலைக்கு வாங்குவோர் இல்லையெனின் விற்போரும் இல்லை எனும் திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரக் கருத்தும் இதே காரண காரியத் தொடர்பைச் சார்ந்தது. குண்டலகேசியில் சில பாடல்களே எஞ்சியிருப்பதால், பௌத்தர் தரப்பைப் பெரும்பாலும் அவர்களை மறுத்தவர் வாயிலாகவே அறிய நேர்கிறது என்பது தமிழ் அறிவுலகின் பேரிழப்பு.

வாதம் அளவையைக் கைவிட்ட தருணங்களும் உண்டு. திருஞானசம்பந்தர் மதுரையில் சமணரை வென்றதாகப் பெரியபுராணம் கூறும் அனல்வாதத்திலும் புனல்வாதத்திலும் ஏடு தீயில் எரியாமலும் ஆற்றை எதிர்த்துச் சென்றும் வெற்றியை முடிவுசெய்தது. ஏதுவுக்கு அங்கு வேலையில்லை. தோற்றவர் கழுவேறினர் எனும் செய்தியை ஆய்வாளர் பலர் ஐயுற்றபோதிலும், அரசன் நடுவராக அமரும் வாதத்தில் தோல்விக்கு எத்தகைய விலை இருக்கக்கூடும் என அம்மரபு எண்ணியதை அக்கதை காட்டுகிறது.

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் மீண்டும் அளவையின் வழிக்கே வந்தது. அதன் பரபக்கம் என்னும் பகுதி, உலகாயதர், பௌத்தரின் நான்கு பிரிவினர் முதலாக 14 தரப்புகளை, ஒவ்வொன்றின் கொள்கையையும் முதலில் எடுத்துரைத்துப் பின்னர் மறுக்கிறது. நூலுரையையும் தனி அளவையாக ஏற்ற சைவ சித்தாந்தம், அதனை ஏற்காதவரை மறுக்கும்போது காட்சியையும் கருதலையும் சார வேண்டியதாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைத் தமிழாக்கியதால், வடமொழி அறியாத மாணவரும் தருக்கம் பயில வழி பிறந்தது.

அச்சு வந்தபின் வாதமேடை விரிந்தது. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், மிஷனரிகள் பழித்த சைவக் கிரியைகளுக்கு ஒப்பானவற்றை விவிலியத்தில் இருந்தே எடுத்துக்காட்டினார். எதிராளி ஏற்கும் நூலையே சான்றாக்கிய அம்முறை, இலங்கையின் பாணந்துறையில் 1873 ஆகஸ்ட் 26, 28 ஆகிய நாள்களில் டேவிட் டி சில்வா முதலிய கிறித்தவர் தரப்புக்கும் மிகெட்டுவத்தே குணானந்த தேரருக்கும் இடையே நடந்த பெருவாதத்திலும் காணப்பட்டது. நிலைத்த ஆன்மா இல்லையெனில் வினைப்பயனை நுகர்பவர் யார் எனப் பௌத்த நூல்களை முன்வைத்து டி சில்வா வினவ, மனிதரைப் படைத்ததற்காகக் கடவுள் வருந்தினார் எனும் விவிலியப் பகுதியைக் காட்டி, முற்றறிவு உடையவர் வருந்துவது எவ்வாறு எனத் தேரர் வினவினார்.

சென்னையில் 1880களில் வெளிவந்த ‘தத்துவ விவேசினி’ இதழ் எந்தச் சமய நூலையும் சான்றாக ஏற்காத தரப்பைத் தமிழில் நிறுவியது. 1925இல் ஈ.வெ. ராமசாமி தொடங்கிய ‘குடி அரசு’ அத்தரப்பைப் பொதுமக்களிடம் கொண்டு சென்றது. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்க வேண்டுமா என்பது பற்றி 1943இல் சி.என். அண்ணாதுரை, சென்னையில் ரா.பி. சேதுப்பிள்ளையுடனும் சேலத்தில் சோமசுந்தர பாரதியாருடனும் நேருக்கு நேர் வாதிட்டார். இலக்கியச் சுவை பற்றிப் பேசியவர்களுக்கும் அந்நூல்களின் சமூக விளைவைப் பற்றிப் பேசியவருக்கும் பொதுவான அளவுகோல் அங்கு எளிதில் அமையவில்லை.

விடுதலைக்குப் பின் இத்தகைய வாதங்களுள் பல தில்லியிலுள்ள உச்ச நீதிமன்றத்தை அடைந்தன. சபரிமலைக் கோயிலில் எல்லா வயதுப் பெண்களையும் அனுமதிக்கலாம் என 2018 செப்டம்பர் 28 அன்று 4–1 என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பு வழங்கப்பட்டபோது, நீதிபதி இந்து மல்கோத்ரா, பகுத்தறிவின் அளவுகோலைச் சமய நம்பிக்கையின்மீது நீதிமன்றம் செலுத்தக் கூடாது என மாறுபட்டார். பெரும்பான்மையினரும் அவரும் தத்தம் முடிவுக்குச் சான்றாகக் காட்டியது இருதரப்பும் ஏற்ற அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பையே. 2019 நவம்பர் 14 அன்று, சமய வழக்கத்தை நீதிமன்றம் எந்த அளவுக்கு ஆராயலாம் என்பது உள்ளிட்ட வினாக்கள் மேலும் பெரிய அமர்வின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டன.