சுமத்ராவில் ஒரு குலப்பெயர்

வடசுமத்ராவின் மலைநாட்டில் வாழும் காரோ பட்டாக் மக்களுக்கு ஐந்து பெருங்குலங்கள். அவற்றுள் ஒன்று செம்பிரிங். கருமையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்ததாகக் கொள்ளப்படுகிறது. அதன் கிளைகளில் சில: சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா, பிரஹ்மானா. தமிழ் வாசகனுக்கு உரை தேவையில்லை. டச்சு அறிஞர் கெர்ன் 1903இலேயே இவற்றைத் திராவிடப் பெயர்கள் என்று எழுதினார்.

இதைக் கேட்டவுடன் நமக்குப் படையெடுப்பு ஞாபகம் வந்துவிடுகிறது. ராஜேந்திரன் 1025இல் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியது உண்மை. ஆனால் சுமத்ராவின் மேற்குக் கரையில், பாரூஸை அடுத்த லோபு துவாவில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டில் பேசுவது அரசன் அல்ல. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு. சக வருஷம் 1010, அதாவது கி.பி. 1088. விஷயமும் வெற்றியல்ல, கட்டணம். மரக்கலத் தலைவன் உள்ளிட்டோர் கஸ்தூரி விலைப்படி பொன் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. பாரூஸ் கற்பூரத்துக்குப் பேர்போனது. கற்பூர மரங்களோ உள்நாட்டுக் காடுகளில். சரக்கு இறங்கிய வழியே பெயர்கள் மலையேறியிருக்கலாம்.

அதற்கு மேல் போவது ஆபத்து. பெலாவியைப் பல்லவர் என்றே கொண்டாலும், பல்லவர் ஆட்சி ஒன்பதாம் நூற்றாண்டோடு முடிந்தது. ஆகவே இவை ராஜவம்சச் சான்றுகள் அல்ல; வந்தவன் தன் நாட்டுக்குச் சொல்லிக்கொண்ட பெயராகலாம். இன்று இப்பெயர் தாங்குவோர் பேசுவது காரோ மொழி, பலர் கிறிஸ்துவர். தொலைந்துபோன தமிழர் என்று அவர்களை உரிமை கொண்டாடுவது அபத்தம்.

ஐந்நூற்றுவர் நமக்கும் தூரத்தவர் அல்லர். காரைக்குடிக்கு மேற்கே பிரான்மலைக் கோயிலில் அவர்களது பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டு உண்டு. சரக்குகளின் மீது கோயிலுக்கென்று விதித்துக்கொண்ட மகமை அதில் பட்டியலாகிறது. ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் இதே பகுதியிலிருந்து நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போனார்கள். பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டு, மூன்று வருஷக் கணக்குக்குப் போய் மீண்டார்கள். அங்கே தண்டாயுதபாணி கோயில்கள் நிற்கின்றன. இங்கே பர்மாத் தேக்குத் தூண்கள் நிற்கின்றன. ஆனால் அந்நாட்டார் எவருக்கும் அவர்கள் குலப்பெயர் ஆகவில்லை.

பெயர் தங்க வேண்டுமானால் ஆள் தங்க வேண்டும். பெண் கொண்டு, மொழியை இழந்து, பிள்ளைகளை அந்த மண்ணுக்குக் கொடுக்க வேண்டும். நம் சரித்திரப் புத்தகங்களில் வென்று மீண்ட அரசனுக்கு இடமுண்டு. பொருளோடு மீண்ட வணிகனுக்கும் உண்டு. மீளாதவனுக்கு இல்லை. அவனை நினைவில் வைத்திருப்பவர்கள் தமிழ் தெரியாதவர்கள்.