வட்டும் வலையும்: சொந்தமாக ஒரு திரைப்படம்

பாரிஸின் வடக்கே கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து லாச்சப்பல் மெட்ரோ நிலையம் நோக்கி, ஃபோபூர் சான் தெனி தெரு வழியே நடந்தால் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் வரிசையாக வரும். 1983 ஜூலை வன்முறைக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்கள் வளர்த்தெடுத்த கடைத்தெரு இது. மளிகை, நகை, புடவைக் கடைகளோடு வீடியோக் கடைகளும் இங்கே இருந்தன. முதலில் விஎச்எஸ் கேசட், பிறகு டிவிடி. கறிவேப்பிலையும் மீனும் வாங்க வந்தவர்கள் பையில் ஒரு படத்தையும் போட்டுக்கொண்டு வீடு திரும்பிய காலம் அது.

2014 செப்டம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் பிரான்சுக்கு வந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் படம் ஓடும்போது, அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கும் டிவிடிக்கள் எதற்கு என்ற கேள்வி பல வீடுகளில் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் கடையில் நாம் காசு கொடுத்து வாங்கியதும், மாதச் சந்தா கட்டிப் பெறுவதும் ஒன்றல்ல.

வட்டை வாங்கியவருக்கு அந்த வட்டு சொந்தம். அதை நண்பருக்கு இரவல் தரலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லலாம். ஸ்ட்ரீமிங்கில் கிடைப்பது பார்ப்பதற்கான அனுமதி மட்டுமே. தளத்துக்கும் உரிமையாளருக்கும் இடையிலான ஒப்பந்தம் முடிந்தால் படம் போய்விடும். இணையத்தில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்திப் பெறும் படமும் பெரும்பாலும் உரிமம்தான். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், இப்படி விற்பவர்கள் அதை வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது.

தமிழிலேயே ஓர் உதாரணம் உண்டு. நயன்தாரா நடித்த 'அன்னபூரணி' 2023 டிசம்பரில் திரையரங்குகளுக்கு வந்தது; அதே மாத இறுதியில் நெட்ஃப்ளிக்ஸிலும் வெளியானது. மத உணர்வைப் புண்படுத்துவதாகப் புகார்கள் எழவே, 2024 ஜனவரியில் அங்கிருந்து நீக்கப்பட்டது. பின்னர் வேறு தளத்தில் வந்தது என்பது வேறு விஷயம். படம் நல்லதா கெட்டதா என்பதும் இங்கே கேள்வியில்லை. சந்தா கட்டியவர் எவரிடமும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு டிவிடியை அப்படி வீட்டுக்குள் வந்து எடுத்துப்போக முடியாது.

இதனால் வட்டு வைத்திருப்பவருக்கு எல்லா உரிமையும் உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. பாரிஸ் நீதிமன்றங்களில் நடந்த ஒரு வழக்கு இதைத் தெளிவாக்கியது. டேவிட் லிஞ்ச்சின் 'மல்ஹாலண்ட் டிரைவ்' டிவிடியை வாங்கிய ஒருவர், தாய் வீட்டில் பார்ப்பதற்காக அதைக் கேசட்டில் பிரதியெடுக்க முயன்றார். பூட்டு தடுத்தது. நுகர்வோர் சங்கத்தின் துணையோடு வழக்குத் தொடுத்தார். 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2006 பிப்ரவரியில் பிரான்சின் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சொந்த உபயோகத்துக்கான பிரதி என்பது சட்டம் தரும் ஒரு விதிவிலக்குதானே தவிர, பூட்டை மீறிக் கோரக்கூடிய உரிமையல்ல என்பது அதன் சாரம். அதாவது வட்டு நமது, படம் நமதல்ல.

தொழில்நுட்ப ரீதியாகவும் வட்டுக்குப் பலமும் பலவீனமும் உண்டு. ஒற்றை அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபி, இரட்டை அடுக்கில் 8.5 ஜிபி கொள்ளும். ப்ளூரேயில் இவை 25, 50 ஜிபி. ப்ளூரேயில் படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை தரமுடியும். ஸ்ட்ரீமிங்கில் இதில் ஒரு சிறு பகுதியே வரும். இருட்டுக் காட்சிகளில் கட்டம் கட்டமாகத் தெரிவது பெரும்பாலும் இதனால்தான். ஆனால் வட்டும் சாகும். கணினியில் எழுதப்பட்ட டிவிடியில் தகவலைத் தாங்குவது ஒரு சாயம். வெளிச்சமும் வெப்பமும் அதை அழிக்கும். கடைகளில் மலிவாகக் கிடைத்த திருட்டுப் பிரதிகள் பல இவ்வகைதான்.

பின் எதற்காக வைத்திருக்க வேண்டும்? தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' 1931-இல் வந்தது. இன்று அதன் பிரதி கிடைப்பதில்லை. லாச்சப்பல் தமிழர்களைத் துரத்திய அதே 1983 ஜூலையில், கொழும்புக்கு அருகே ஹெந்தலையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அங்கிருந்த படச்சுருள்களும் எரிந்தன. இங்கே கடை வைத்தவர்கள், ஒரே இடத்தில் சேர்த்து வைத்தது ஒரே நாளில் போகும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள்.

எங்கள் மென்பொருள் தொழிலில் இதற்கு எளிய விதி உண்டு: ஒரே ஒரு பிரதி இருந்தால் அது இல்லாததற்குச் சமம். ஆயிரம் பேர் ஒரே படத்தைப் பார்த்தாலும் ஸ்ட்ரீமிங்கில் சாவி ஒருவரிடம்தான். ஆயிரம் வீடுகளில் ஆயிரம் வட்டுகள் இருந்தால் எந்தத் தீயும், எந்த ஒப்பந்தமும், எந்தத் தடையும் அத்தனையையும் தொட முடியாது.

எல்லாப் படத்தையும் சேர்க்க வேண்டியதில்லை. பழைய டிவிடிக்களைக் குப்பையில் போடுமுன், அந்தப் படம் எந்தத் தளத்திலாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், உறையோடு நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தட்டுத் தேய்ந்த படமாக இருந்தாலும் சரி. அதை ஓட்ட ஒரு பிளேயரையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.