யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்கு ரயில் மாறிப் போகும் வழியைக் கணினி எப்படித் தேடுகிறது?

யாழ்ப்பாணத்திலிருந்து மட்டக்களப்புக்கு நேரடி ரயில் இல்லை. திருகோணமலைக்கும் இல்லை. ஆனால் மூன்று ஊர்களும் தண்டவாளத்தால் இணைந்துதான் இருக்கின்றன. அந்த இணைப்பு குருநாகல் மாவட்டத்து மாகோ சந்தி வரை தெற்கே இறங்கி, அங்கிருந்து கிழக்கே திரும்புகிறது. திருகோணமலைக்கென்றால் கல்ஓயாவில் பாதை மறுபடி பிரியும். 1990இல் நின்றுபோன யாழ்ப்பாணச் சேவை 2014 ஒக்ரோபரில் திரும்பி வந்தபோது கொழும்புப் பயணம் இலகுவானது. வடக்கில் ஒரு பாதியும் கிழக்கில் ஒரு பாதியுமாகச் சிதறிய குடும்பங்களுக்கோ, செத்தவீட்டுக்குப் போவதென்றாலும் வழியைத் தாங்களே கூட்டிப் பார்க்க வேண்டியதாகவே இருக்கிறது.

எளிமையான முன்பதிவு முறை ஒன்று செய்வது இவ்வளவுதான்: புறப்படும் நிலையமும் இறங்கும் நிலையமும் ஒரே ரயிலின் தரிப்பிடப் பட்டியலில், சரியான வரிசையில் இருக்கின்றனவா என்று பார்க்கும். இல்லையென்றால் “சேவை இல்லை” என்று சொல்லிவிடும். வழி இருக்கும்போதே இல்லையென்று சொல்வது பிழையான தகவல்.

வீதிகளில் குறுகிய பாதையைக் கண்டுபிடிக்கும் முறையை ஒல்லாந்தரான டைக்ஸ்ட்ரா 1959இலேயே வெளியிட்டார். ரயிலில் சிக்கல் வேறு. வீதி எப்போதும் திறந்திருக்கும். ரயில் ஒரு குறிப்பிட்ட நிமிடத்தில் மட்டுந்தான் புறப்படும். 2013இல் ஜேர்மனியின் கார்ல்ஸ்றூவ ஆய்வாளர்கள் முன்வைத்த முறை ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது. ஒரு நிலையத்திலிருந்து அடுத்த தரிப்பிடம் வரையான ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரு வரியாக எழுதி, எல்லா வரிகளையும் புறப்படும் நேரப்படி அடுக்கிவிட வேண்டும். கணினி அதை மேலிருந்து கீழாக ஒரே தடவை வாசிக்கும். “இந்த நேரத்துக்குள் பயணி இந்த நிலையத்துக்கு வந்திருப்பாரா?” என்பதே ஒவ்வொரு வரியிலும் கேள்வி. ஆமென்றால் அடுத்த நிலையத்துக்கான வருகை நேரத்தைக் குறித்துக்கொள்ளும். முழு இலங்கையின் ரயில் நேரசூசிக்கும் இந்த வேலை ஒரு செக்கனுக்கும் குறைவானது. எனவே கணினிச் சக்தி இல்லை என்று யாரும் சாட்டுச் சொல்ல முடியாது.

கஷ்டமான பகுதி, எது நல்ல வழி என்று தீர்மானிப்பது. முந்திப் போய்ச் சேரும் வழியே சிறந்தது என்று வைத்தால், நள்ளிரவில் சந்தியில் இறங்கி மூன்று மணித்தியாலம் காத்திருக்கும் பயணத்தை முதலாவதாகக் காட்டிவிடும். தனியே பிள்ளையோடு வரும் பெண்ணுக்கும் சக்கரநாற்காலியில் வருபவருக்கும் அது வழியே அல்ல. ஆகவே வருகை நேரம், மாறும் தடவைகள், காத்திருக்கும் நேரம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்து, இரண்டு மூன்று தெரிவுகளை முன்வைப்பதே முறை. இன்னொன்று: மாகோவிலிருந்து குருநாகல் வழியாகப் பொல்கஹவெல வரை வடக்கு ரயிலும் கிழக்கு ரயிலும் ஒரே பாதையில்தான் ஓடுகின்றன. ஒரு ரயில் மாகோவில் நிற்காவிட்டால், குருநாகல் வரை போய் மாறித் திரும்பலாம். வரைபடத்தில் இது வீண் அலைச்சலாகத் தெரியும். ஆனால் நகர நிலையத்தில் காத்திருப்பது பலருக்கு நிம்மதி.

மாறுவதற்கு எத்தனை நிமிடம் விடுவது? பத்து நிமிடம் போதும் என்று நேரசூசி சொல்லலாம். பொல்கஹவெலவுக்கு வடக்கே ஒற்றைத் தண்டவாளம். எதிர் ரயிலுக்காக ஒதுங்கி நின்றாலே அந்தப் பத்து நிமிடம் போய்விடும். கிழக்குப் பாதையில் யானைகள் கடப்பதும் உண்டு. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே மட்டக்களப்பு ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன, ரயிலும் தடம்புரண்டது. நல்ல தேடல் முறை கடந்த மாதங்களின் உண்மையான தாமதங்களைப் பார்த்தே இடைவெளியைக் கணக்கிட வேண்டும்.

வழி கிடைத்தாலும் ஆசனம் கிடைக்க வேண்டுமே. முதல் ரயிலுக்குக் காசு கட்டிய பிறகு இரண்டாவது நிரம்பிவிட்டது என்று தெரியவந்தால் பயனில்லை. இரண்டு ஆசனங்களையும் தற்காலிகமாகப் பிடித்து வைத்து, இரண்டும் உறுதியான பிறகே பணம் எடுப்பதுதான் சரி. முதல் ரயில் பிந்தி மற்றது தவறினால் யார் பொறுப்பு? இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் இரண்டு முன்பதிவுகளை இணைத்துக்கொள்ளலாம். முதல் ரயிலின் தாமதத்தால் இரண்டாவது தவறினால் பயணிக்காத பகுதிக்கான பணம் திரும்பக் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஜூனிலிருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி, ஒரே நிறுவனத்தின் தொடர் ரயில்களை ஒரே பயணச்சீட்டாகவே விற்க வேண்டும். தவறிய இணைப்புக்கு அந்த நிறுவனமே பொறுப்பு. இங்கே இரண்டு ரயிலையும் ஓட்டுவது ஒரே திணைக்களம். ஆகவே யார் தலையில் போடுவது என்ற சண்டைக்கே இடமில்லை.

பஸ்ஸையும் சேர்த்துத் தேடினால் விடை மாறலாம். திருகோணமலைக்குப் போகிறவர் வவுனியாவில் இறங்கி ஹொரவப்பொத்தானை வழியாக பஸ்ஸில் போனால், மாகோ வரை போய்த் திரும்பும் நீண்ட சுற்று மிச்சம். அதற்கு பஸ், ரயில் நேரங்கள் ஒரே வடிவத்தில் பொதுவெளியில் இருக்க வேண்டும்.

இப்போதைக்குக் கையால் தேடுவோர் பின்னிருந்து தொடங்குங்கள். மட்டக்களப்புக்குப் போகும் ரயில்கள் மாகோவுக்கு எத்தனை மணிக்கு வருகின்றன என்று முதலில் பாருங்கள். பிறகு அதற்குக் குறைந்தது ஒரு மணித்தியாலம் முன்பே அங்கு சேரும் யாழ்ப்பாண ரயிலைத் தெரிவுசெய்யுங்கள். இரண்டிலும் ஆசனம் இருப்பதைப் பார்த்த பின்பே பணம் கட்டுங்கள். “மாகோ” என்று தேடி ஒன்றும் வராவிட்டால் “மஹவ” என்றும் தேடிப் பாருங்கள். இரண்டும் ஒரே நிலையந்தான்.