திலகவதியார்

அப்பர் எனப்படும் திருநாவுக்கரசரின் தமக்கை, 7ஆம் நூற்றாண்டு, ஊர் திருவாமூர். தந்தை புகழனார் இறந்தார். தாய் மாதினியாரும் உடன் உயிர்நீத்தார். மணம் பேசியிருந்த படைத்தலைவர் கலிப்பகையார் போரில் மாண்டார். தாமும் இறக்கத் துணிந்தவர், தம்பி மருணீக்கியாருக்காக (பின்னாளில் அப்பர்) உயிர்தாங்கினார். இதை வெறும் பொறுமை என்பது குறைமதிப்பு. அப்பரின் வாழ்வே இம்முடிவின்மேல் நிற்கிறது. சமணம் சார்ந்திருந்த தம்பி சூலைநோயில் தேடிவந்தது, திருவதிகையில் தொண்டுசெய்த இவரைத்தான். அப்பரின் தேவாரம் அதன்பின் பிறந்தது.

இவர் கதையைப் பாடிய சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர்; அவர் சொல்வது வரலாறாகுமா என்பர். தமக்கை பற்றிய விரிவு மரபுவழிச் செய்தியே. ஆனால் வயிற்றுநோயின் வேதனையையும் பழைய சமணச் சார்பையும் அப்பரே பாடியுள்ளார். அந்த அடித்தளம் இருக்க, முழுவதையும் புனைவென ஒதுக்குவது நியாயமன்று.