மௌனப் படங்களின் கடைசி சாட்சிகள்

மௌனப் படம் என்றாலே குடுகுடுவென்று ஓடும் மனிதர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். பாவம், படத்தின் மேல் குற்றமில்லை! வினாடிக்கு 16, 18, 20 ஃபிரேம் என்று எடுத்தவற்றைப் பிற்காலத்தில் 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால் யாராக இருந்தாலும் ஓடத்தான் செய்வார்கள்.

இந்த அவப்பெயரைத் துடைக்க வந்தது, 1980-ல் பிரிட்டனின் தேம்ஸ் தொலைக்காட்சி ஒளிபரப்பிய 'ஹாலிவுட்' என்ற 13 பகுதித் தொடர். எடுத்தவர்கள் கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும். நல்ல பிரதிகளைத் தேடிப்பிடித்து, சரியான வேகத்தில், கார்ல் டேவிஸின் இசையோடு காட்டினார்கள். பின்னணியில் பேசும் ஜேம்ஸ் மேசனின் குரல் தனிச் சுகம்.

ஆனால் உண்மையான புதையல் பேட்டிகள்தான். விமான சாகசக்காரர் ஓமர் லாக்லியர் 1920-ல் ஓர் இரவுப் படப்பிடிப்பில் விமானம் விழுந்து இறந்துபோனார். அவருடைய காதலி, நடிகை வயோலா டானா, அதைத் தரையில் நின்று கண்ணால் பார்த்தவர். அரை நூற்றாண்டு கழித்து அதைச் சொல்லும்போதும் அழுகை வந்துவிடுகிறது. எந்தப் புத்தகத்தில் கிடைக்கும் இது?

தொடர் சரியான நேரத்தில் வந்தது. இதில் பேசிய இயக்குநர் ஆலன் டுவான் மறு வருடமே மறைந்தார். 1982-ல் கிங் விடோர். 1983-ல் குளோரியா ஸ்வான்சன்.